வாபஸ் வாங்கிய பிரசங்கம்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவே கரண்ட் போய்விட்டது. தென்காசியில் சாரல் காலத்தில் கரண்ட் போவதெல்லாம் ஒரு சேதியா என்பீர்கள். கோயில் திரை இருண்டதும் அதில் போட்டிருந்த பைபிள் வசனமும் கூடவே போய்விட்டதே, அதுதான் சேதி. பிரசங்கித்துக்கொண்டிருந்த இளம் போதகர், "யார்கிட்டயாவது பைபிள் இருக்கா?" என்று கேட்டார். ஆளாளுக்குப் பையைத் துழாவினோம். என் பையில் குடையும் பிரஷர் மாத்திரையும்தான் இருந்தன. ஐயர் மகள் நான். கடைசியில் ஒரு பிள்ளை செல்போனில் வசனத்தைத் தேடி எடுத்து நீட்டும்வரை நான் தலை நிமிரவில்லை.

ஐயர் மகள் என்றதும் தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த தபால்காரர் ஒருவர், ஐயர் வீட்டை விசாரித்து வந்தவர், வாசலில் அடித்த சாளை மீன் குழம்பு வாசனையில் திகைத்து அடுத்த தெருவுக்கே போய்விட்டார். சீசன் வந்தால் குழம்புக்குக் குறைவிருக்காது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் எங்கள் மேல் திடீர்ப் பாசம் பொங்கும். குற்றாலத்தில் குளித்துவிட்டு எண்ணெய் மணக்க மணக்கப் பந்திக்கு வந்துவிடுவார்கள்.

அப்படியொரு வாரத்தில் அப்பாவுக்குப் பிரசங்கம் தயாரிக்க நேரமே கிடைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டிய பைபிள் பாடத்தில் ‘நிர்விசாரம்’ என்றொரு சொல் இருந்தது. கவலையற்று இருப்பது என்று பொருள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். பாடம் வாசித்தது நான். கல்லூரி முதல் வருடம். என் குரலில் எனக்கே மயக்கம். நிர்விசாரமாய் இருக்கிறவர்களுக்கு ‘ஐயோ’ என்று எச்சரிக்கிற அதிகாரம் அது. அந்த ‘ஐயோ’வையும் நான்தான் கணீரென்று வாசித்தேன். எனக்கு உறைக்கவில்லை. பிரசங்கத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கும் கேட்கவில்லை. நிர்விசாரமாய் இருங்கள், அதுதான் விசுவாசம் என்று உருகி உருகிப் பேசினார்.

ஆராதனை முடிந்ததும் மேலகரம் பாக்கியம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு மார்பில் ஒரு கட்டி. மறுநாள் பாளையங்கோட்டைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தது.

"ஐயரே, இன்னைக்குத்தான் மனசு லேசாச்சு. நாளைக்குப் போவல. நிர்விசாரமா இருந்துக்கிடுதேன்."

அந்தக் கூட்டத்தில் அப்பா காதில் என்ன விழுந்ததோ, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் விருந்தாளிகள் மறுபடி அருவிக்குக் கிளம்பிய பிறகுதான் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தார். காலையில் பாக்கியம் அக்கா சொன்னது அப்போதுதான் உறைத்தது, முகம் வெளிறிவிட்டது. குடையை எடுத்தார். "ஏட்டி, நீயும் வா. நீதான வாசிச்ச" என்றார்.

பாக்கியம் அக்கா வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார். "பாக்கியம், நான் காலையில சொன்னது தப்பும்மா. அதிகாரத்தை முழுசாப் படிக்காமப் பேசிட்டேன். நாளைக்கு நீ ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்."

"என்ன ஐயரே, ஆண்டவர் குடுத்த வாக்குன்னுல்லா நெனச்சேன்?"

"ஆண்டவர் வாக்கு இல்லம்மா. என் சோம்பேறித்தனம்."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அடுத்த ஞாயிறு அதையே பீடத்தில் நின்று சபைக்கும் சொன்னார். என்னையே அந்த அதிகாரத்தை மறுபடி வாசிக்கவும் வைத்தார். குரலே எழும்பவில்லை.

சபைக் கமிட்டி அண்ணாச்சி ஒருவர் எகிறினார். "ஐயரே தப்புன்னு சொன்னா சனங்க எதத்தான் நம்பும்?" அந்த வருடமே அப்பாவுக்கு வீரகேரளம்புதூருக்கு மாற்றல். "ஐயரு பிரசங்கத்த வாபஸ் வாங்கிட்டாராம்லா" என்று கல்லூரி பஸ்ஸில் கேலி. அப்பாவை நினைத்தாலே எனக்கு மானம் போனது. பாக்கியம் அக்கா கட்டியை எடுத்துவிட்டு வந்து, பேத்தி கல்யாணம் வரை நன்றாக இருந்தார்.

இப்போது பாடம் வாசிக்கிற மேசையே கோயிலில் இல்லை. முழு அதிகாரமும் யாரும் வாசிப்பதில்லை. திரையில் ஒரு வசனம் வரும், போகும். முன்பெல்லாம் வசனத்தின் இடத்தைச் சொன்னதும் கோயில் முழுக்கப் பக்கம் புரளும் சத்தம் கேட்கும், அதுவும் போய்விட்டது. சொன்ன பிரசங்கத்தை வாபஸ் வாங்க ஒரு வாசல் தேடிப் போகிறவர்களும் இல்லை.

அடுத்தவரைச் சொல்வானேன். பெண்கள் கூட்டங்களில் நானும்தான் இத்தனை வருடமாகப் பிரசங்கிக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு. அதில் யார் எதை நம்பி எதைச் செய்யாமல் விட்டார்களோ, தெரியாது. தப்பாய்ச் சொல்லிவிட்டேன் என்று ஒருவரிடமும் போய் நின்றதில்லை. தப்பே சொல்லாதவள் என்று அர்த்தமில்லை. பேசி முடித்த அதிகாரத்தை வீட்டுக்கு வந்து ஒருநாளும் திரும்பப் படித்ததில்லை.