சுவர் நிறைய போர்டு

அந்த சோப்பு ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'போர்டு அக்கா' என்றால்தான் தெரியும். பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்த நாள் முதல் சுவரில் ஓர் இடம் விடாமல் எச்சரிக்கை போர்டு மாட்டியவள். "கொஞ்சம் அசந்து நின்னா நம்ம முதுகுலயும் ஒண்ணு மாட்டிடுவாங்க" என்பார் பாய்லர்காரர். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒருநாள் காலை பாய்லர் அறை வழியாகப் போனவள், ஈரத்தரையில் கால் வழுக்கி, பக்கத்திலிருந்த குழாயைப் பிடித்துக்கொண்டாள். நீராவிக் குழாய். உள்ளங்கை சுரீரென்றது. பாய்லர்காரர் ஓடிவந்து அவள் கையைத் தண்ணீரில் காட்டினார்.

"பார்த்து வரக் கூடாதாக்கா?"

நிமிர்ந்து பார்த்தாள். 'சூடான குழாய், தொடாதீர்' என்ற போர்டு தலைக்கு மேலே தொங்கியது. கை கழுவு, சத்தம் போடாதே, வரிசையில் போ என்று ஏழெட்டு போர்டுகளுக்கு நடுவே அதுவும் ஒன்று. எல்லாம் அவளே மாட்டியவை. கையைவிட மனசுதான் அதிகம் எரிந்தது.

சாயங்காலம் கணவர் அவள் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துப் பதறினார். "அங்க போர்டு இல்லையா?"

"இருக்கு. நானேதான் வச்சேன். என் கண்ணுலயே படல."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அடக்காதீங்க, சிரிச்சுத் தொலைங்க" என்றாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கை ஆறியதும் பாய்லர்காரரைக் கூட்டிக்கொண்டு ஆலை முழுக்க நடந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவரை நிற்க வைத்து, "முதல்ல எது கண்ணுல படுது?" என்று கேட்டாள். அவர் சொன்ன இடத்தில் சாக்கட்டியால் குறி போட்டாள். ஆபத்தோடு சம்பந்தமில்லாத போர்டுகள் கழன்றன. குழாய் போர்டு கண் மட்டத்துக்கு இறங்கி, குழாய்க்குச் சற்று முன்னாலேயே வந்தது. எழுத்து குறைந்து படம் பெரிதானது. கதவைத் திறந்தால் மறைந்துபோகிற அவசர வழி போர்டு கதவு நிலைக்கு மேலே ஏறியது.

மேனேஜர் முகம் சுளித்தார். "என்னம்மா, சுவர் மொட்டையா நிக்குது? ஆய்வுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"அவங்க எப்பவாவது வர்றவங்க சார். நம்ம ஆளுங்க தினமும் இங்கதான் நடக்கிறாங்க."

மேனேஜர் தாடையைத் தடவினார். "சரி, கொஞ்ச நாள் பார்ப்போம்." அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த வாரம், பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி ஃபோர்க்லிஃப்ட் வண்டி வரும் திருப்பத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தாள்.

"அக்கா, அந்த வண்டி போர்டு புதுசா? பளிச்சுனு இருக்கு."

நாலு வருஷமாகத் தூணுக்குப் பின்னால் கிடந்த போர்டு அது.

"ஆமாம்மா, புதுசுதான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த அறைக்கு நடந்தாள்.