கட்டைப் பெட்டிப் பிக்கப்

அந்த ஆளைப் பார்த்த கணமே எனக்குப் பிடிக்கவில்லை. லா சப்பலில் விற்பனைக்கு நின்ற பிக்கப்பைப் பார்க்கப் போனேன்; அவரும் அதற்குத்தான் வந்திருந்தார். கலியாண வீடுகளுக்குச் சமையல் ட்ரெயிலர் இழுத்துப் போகும் தொழிலில் எனக்குப் போட்டிக்காரர். சாயம் பூசிய மீசை. வாய் திறக்கும்போதெல்லாம் மோதிரத்தால் எதையாவது தட்டுவார்.

எங்கள் ட்ரெயிலர்களின் மூக்கைப் பிக்கப்பின் பின்பெட்டிக்குள்தான் கொழுவ வேண்டும். அந்தப் பெட்டியைத் தட்டினார்.

"இது கட்டை, நீளம் காணாது. திரும்பேக்கை ட்ரெயிலரின்ரை மூக்கு பின்கண்ணாடியை உடைக்கும். உமக்கு உதெல்லாம் விளங்காது."

"உங்கடை வேலையைப் பாருங்கோ அண்ணை" என்றேன். ஆனாலும் பயம் பிடித்து, வாங்காமல் திரும்பினேன்.

மறுநாளே அதை அவர் வாங்கிவிட்டார். பொய் சொல்லி என்னைக் கலைத்துவிட்டான் என்று கண்டவர்களிடமெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

போன கிழமை ரூ பிலிப்-து-ஜிரார் தெருமுனையில் அதே பிக்கப் ட்ரெயிலரோடு நின்றது. பின்கண்ணாடி இருந்த இடத்தில் அட்டை ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் அவர் கையை வெளியே நீட்டி, மோதிரத்தால் கதவைத் தட்டினார்.

"நான் அப்பவே சொன்னனான் தானே?" என்று சீறினார், கண்ணாடியை நான்தான் உடைத்ததுபோல.