கல்மீன் குத்திய கால்

வேகவைத்த சேப்பங்கிழங்குபோல வீங்கிப் பளபளத்தது அக்காவின் இடது பாதம், தொட்டால் சுட்டது. போடிமெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏலத்தோட்டத்து 'லயம்' வரை, எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் பார்க்க, அப்பா அவளைத் தோளில் சுமந்து வந்தார். என்னை அப்படிச் சுமந்ததாக எனக்கு நினைவில்லை.

எழுபதுகளில் ஒரு தை மாதம் அது. அம்மை போட்டுப் பிழைத்த அக்காவை ராமேஸ்வரம் அனுப்புவதாக அம்மா நேர்ந்திருந்தாள். ஒரு பிள்ளையைத்தான் கூட்டிப்போக முடியும் என்று அப்பா சொல்லிவிட, எனக்கும் அந்த அம்மை வந்திருக்கக் கூடாதா என்று முருகன் படத்தின் முன்னால் அழுதேன். ராமேஸ்வரம் போகிறவர்களிடம் போகாதவர்கள், "எம் பேரச் சொல்லி ஒரு முழுக்குப் போடு" என்று கேட்டுக்கொள்வது எங்கள் லயத்து வழக்கம். அந்த முழுக்கின் புண்ணியம் கேட்டவரையே சேரும். மனமில்லாமல் நானும் கேட்டு அனுப்பினேன்.

கூட்டத்துக்கு ஒதுங்கி, பவளப்பாறைக் கற்கள் கிடந்த ஓரமாக அக்கா முழுகியிருக்கிறாள். தன் பேருக்கும் அம்மா பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் பேரைச் சொல்லிக் குனிந்தபோது காலடியில் இருந்த கல் குத்தியது. அது மீனாம்; பாசி படிந்த கல்லாகவே அசையாமல் கிடக்குமாம், முதுகு முள்ளெல்லாம் விஷமாம். "கல்மீனு தாயி, பொறுத்துக்க" என்று ஒரு மீனவப் பெண் வெந்நீரில் காலை வைக்கச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிவைத்தாளாம்.

லயமே ரொட்டிப் பொட்டலங்களோடு திரண்டு வந்தது. "சாமி பாக்கப் போன காலுடி, பழுது வராது" என்று பக்கத்து வீட்டு அத்தை அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "நீ தப்பிச்சடி சின்னவளே" என்றாள்.

அக்கா ரொட்டியை டீயில் நனைத்தபடி, "உன் முழுக்குலதாண்டி குத்துச்சு" என்றாள்.

"அப்ப அது என்னோட மீனு."

"குத்துனது யாரு கால்ல?"

"சரி, தலை நனைஞ்சுச்சா?"

"எங்க நனைய? கத்திக்கிட்டே கரைக்கு ஓடியாந்துட்டேன்."

புண்ணியமும் எனக்கில்லை, மீனும் எனக்கில்லை.

லயத்தை இடித்து இன்று விடுதி கட்டிவிட்டார்கள். ஈசன் கருணையால் நானும் பின்னாளில் ராமேஸ்வரம் போய் முழுகினேன். காலில் பட்டதெல்லாம் வெறும் கல்தான். போன மாதம் பேத்திகளுக்குக் கதை சொல்லக் காலை நீட்டிய அக்கா, மறைந்துபோன தழும்பைத் தேடித் தேடி, "எந்தக் காலுடி, வலதா?" என்று என்னையே கேட்டாள்.

இடது. சுண்டுவிரலுக்குக் கீழே. நானே விரலை வைத்துக் காட்டினேன்.