ஸ்டெல்லா மேடம் போட மறுத்த மூன்று எழுத்து

ஸ்டெல்லா மேடம் இன்று காலை தவறிவிட்டார். சூலூர் வீட்டில்... மாரடைப்பு. ஐம்பத்தொரு வயதுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்தபோது கம்ப்யூட்டர் லேபில் என்னோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். தாராபுரம் பக்கம், தோட்ட வேலைக்குப் போன குடும்பத்தில் முதல் டிப்ளமோ.

ஒரு தடவை பிராக்டிகலுக்கு முன்னால் ரெக்கார்டு நோட்டுகளில் மளமளவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் பக்கம் பார்ப்பேன், போடுவேன். மேடம் ஒரு நோட்டை எடுத்துக் கடைசிவரை புரட்டினார். மூன்றாம் பக்கத்துக்கு அப்புறம் எல்லாம் வெள்ளைத்தாள்!

"ஏனுங்க சார், இதையும் முடிச்சுட்டான்னு கையெழுத்துப் போட்டுப்போட்டீங்களே?"

"அட்டை நல்லாப் போட்டிருந்தானுங்க மேடம்..."

லேபே சிரித்தது.

பிறகு மேடம் விசைத்தறிக்கு கன்ட்ரோல் போர்டு செய்கிற ஒரு கம்பெனிக்குப் போனார். போர்டுக்குள் ஓடுவது லினக்ஸ் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். அதில் சேர்கிற ஒரு மாட்யூலை, அதாவது ஒரு துண்டு புரோகிராமை, எழுதியவர் அவர்தான்.

ஒவ்வொரு மாட்யூலும் தன் லைசென்ஸ் என்னவென்று ஒரு வரியில் சொல்லவேண்டும். 'ஜிபிஎல்' (GPL) என்று சொன்னால், வாங்குகிறவர்களுக்கு சோர்ஸ் கோடை, அதாவது புரோகிராமை எழுதினபடியே, திறந்து தருவேன் என்று வாக்குக் கொடுப்பதாக அர்த்தம். அப்படிச் சொன்னால்தான் லினக்ஸ் சில வசதிகளைத் தொடவே விடும்.

கம்பெனிக்கு வசதி வேண்டும். கோடைத் தர மனசில்லை.

"ஜிபிஎல்னு போட்டு உடுங்க அம்மணி. மெஷின்தானே படிக்குது, யாரு வந்து பாக்கறாங்க?" என்றாராம் முதலாளி.

"கோடைக் குடுத்துரலாமுங்க. இல்லீன்னா அந்த வசதி இல்லாமயே எழுதித் தாரேன், மூணு மாசம் குடுங்க" என்றிருக்கிறார் மேடம். இரண்டுக்கும் முதலாளி மசியவில்லை.

அன்று சாயங்காலம் எனக்கு போன் செய்தார். அவர் தன் மகனைக் காலேஜில் சேர்த்திருந்த வருஷம். நான் பெரிய மனுஷன் மாதிரி, "மூணு எழுத்துதானுங்களே மேடம், போட்டுருங்க" என்றேன்.



"ரெக்கார்டு நோட்டு ஞாபகம் இருக்குதுங்களா சார்?"



அவர் போடவில்லை. கம்பெனி வேறொருவரை வைத்து நடுவில் ஒரு சின்ன மாட்யூல் எழுதியது. அது 'நான் ஜிபிஎல்' என்று சொல்லி வசதிகளை வாங்கும். கோடைத் தராமல் மூடி வைத்த பழைய மாட்யூலுக்குக் கைமாற்றிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. சூலூர் பஸ்ஸில் ஒருத்தன் பாஸைக் காட்டி ஏறிவிட்டு, அதையே ஜன்னல் வழியாகக் கீழே நிற்பவனுக்கு நீட்டுவானே... அதே கதை.

இந்த பஸ் கதையை நான் சொன்னபோது அந்தக் கோபத்திலும் மேடம் சிரித்துவிட்டார். "நீங்க எதைச் சொன்னாலும் பஸ் ஏறிப்போடுவீங்க சார்."

ஆனால் அந்தப் பொய் மாட்யூலில், 'எழுதியவர்' என்ற இடத்தில் இருந்தது யார் பெயர் தெரியுமா? மேடம் பெயர். அவருடைய ஃபைலைக் காப்பியடித்தவர்கள் பெயரையும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதைப் பார்த்த மறுநாள் ராஜினாமா. கடிதத்தில் ஒரே வரி: "கோடைத் திறங்கள், இல்லையென்றால் என் பெயரை எடுங்கள்."

இரண்டும் நடக்கவில்லை. நான்கு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார். இதற்கிடையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அந்த வசதிகளைத் தொடாமல் தனியாக ஒரு மாட்யூல் எழுதி, கேட்ட தறிக்காரர்களுக்கெல்லாம் கோடோடு கொடுத்தார்.

இன்று மத்தியானம் அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் மேடத்தின் போட்டோ, சுற்றிலும் பூ. "எங்கள் போர்டை உருவாக்கியவர்... ஈடு செய்ய முடியாத இழப்பு."

ஈடு செய்ய முடியுமுங்க. அந்தப் பொய் மாட்யூலில் அவர் பெயர் இருக்கிற ஒரு வரியை அழித்தால் போதும். இல்லை, கோடைத் திறந்தால் போதும்.

மேடத்தின் ராஜினாமாக் கடிதத்தில் இருந்த அதே வரியைக் கீழே கமென்டில் போட்டேன். அழித்துவிட்டார்கள். மறுபடி போட்டேன். மறுபடி அழித்தார்கள்.

ஒரே பாடத்தை முப்பது வருஷம் திரும்பத் திரும்ப நடத்தியவனுங்க நான். எனக்குச் சலிக்காது.

அடக்கம் நாளைக் காலை, சூலூரில். பழைய ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் வந்துருங்க கண்ணுகளா.

போயிட்டு வாங்க மேடம்... உங்க பேரை நான் பாத்துக்கறேனுங்க.