வழியை மறைக்காதேங்கோ

திருகோணமலையிலிருந்து திரியாய் போகும் பஸ்ஸின் கொண்டக்டர் காதில் பென்சில் செருகிய ஒல்லி மனிதர். முகத்தில் எப்போதும் எரிச்சல். சாதி குறைந்தவர்கள் எனப்பட்டோர் அந்நாளில் சீட் வெறுமையாக இருந்தாலும் நின்றபடிதான் வருவார்கள்.

“வழியை மறைக்காதேங்கோ, இருங்கோ! எனக்கு டிக்கெட் கிழிக்க ஏலாமல் கிடக்கு” என்று அவர் அதட்டுவார். அவர்கள் பதறி உட்காருவார்கள். மற்றவர்கள் முகம் சுளித்தாலும் எதிர்த்துப் பேசுவதில்லை.

ஒருநாள் பஸ்ஸில் நானும், பின்னால் நின்ற ஒரு கிழவரும்தான். அவருக்கும் அதே அதட்டல்.

“பஸ் வெறுமையாக் கிடக்கு. அவர் ஆரை மறைக்கிறார் அண்ணை?” என்றேன்.

கிழவர் உட்காரும்வரை பார்த்து நின்ற கொண்டக்டர், என் பக்கம் குனிந்தார். “தம்பி, கதைச்சுக் கெடுத்துப்போடாதேங்கோ.”

சில வருஷங்களில் அந்தப் பஸ்ஸில் எல்லோரும் உட்கார்ந்தே போனார்கள். ஏனென்று கேட்டால், டிக்கெட் கிழிக்க இடைஞ்சல் என்றுதான் ஊரார் இன்றும் சொல்வார்கள்.