காரை ஒன்றரை அங்குலம் இறக்கிய வெள்ளிக்கிழமை

பெருமை பீத்திக்கொள்கிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். எங்கள் எலெக்ட்ரிக் காரின் நான்கு மூலைகளில் மூன்றை இறக்கியது நான்தான். அறுபத்தொரு வயதில், மயிலாப்பூரில், எங்கள் அபார்ட்மென்ட் கார் நிறுத்தும் இடத்தில், பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து இறக்கினேன். மூன்றில் ஒன்று தப்பாகப் போயிற்று. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அந்தக் கார் என் கணவருடைய ஆசை. ஓய்வு பெற்ற வருடம் வாங்கினார். உயரமான வண்டி. அதில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். திரையில் தொட்டால் வண்டி ஏறும், இறங்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து மகாபலிபுரம் வரை ஓட்டிக்கொண்டு போவார். போன வருடம் பக்கவாதம் வந்தது. இடது காலும் இடது கையும் சரியாக வேலை செய்யவில்லை. வீட்டுக்குள் தடி ஊன்றி நடப்பார், கட்டிலில் தானே உட்காருவார், தானே எழுந்திருப்பார். கார் சீட்டில் மட்டும் ஏற முடியவில்லை. திரையில் எவ்வளவு இறக்கினாலும் சீட்டு அவருக்கு உயரமாகவே இருந்தது.

முதல் தடவை பிசியோதெரபிக்கு நானே ஓட்டிக் கூட்டிப் போனபோது வாட்ச்மேனும் இன்னொருவரும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி அவரை உள்ளே வைத்தார்கள். மூன்று பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, "சிலிண்டர் ஏத்தற மாதிரி என்னை ஏத்தாதே. நான் ஆத்துலயே இருந்துக்கறேன்" என்றார்.

சொன்னபடியே இருந்தார். ஏழு மாதம். பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கு வந்தார், முடி வெட்டுபவர் வீட்டுக்கு வந்தார். சின்ன கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். அதில் உட்கார்ந்துவிட்டார், சீட்டு ரொம்பத் தாழ்வு, எழுந்திருக்க முடியவில்லை. மறுபடியும் இரண்டு பேர் வந்து தூக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஒரு நாள் என்னிடம் கேட்காமலே தன் அக்கா பையனுக்குப் போன் போட்டு, காரை விற்றுவிடச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை வண்டியைப் பார்க்க ஆள் வருவதாக ஏற்பாடு. அந்த வண்டி போனால் இவர் வாசலைத் தாண்டவே மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவள். அளக்காமல் எதையும் நம்ப மாட்டேன். டேப்பை எடுத்தேன். அவர் தானே உட்கார்ந்து எழுந்திருக்கும் கட்டில், மெத்தையோடு இருபத்துநாலரை அங்குலம். காரை முழுவதும் இறக்கினால் சீட்டு இருபத்தாறு. வித்தியாசம் ஒன்றரை அங்குலம். எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. ஒன்றரை அங்குலத்துக்காகவா ஒரு மனுஷன் ஏழு மாதம் அடைந்து கிடந்தார்?

கம்பெனி சர்வீஸில் கேட்டேன். "அதுக்கு மேல இறக்கினா வாரண்டி போயிடும் மேடம்" என்றார்கள். போகட்டும் என்று வந்துவிட்டேன். பிறகு நானே தேடிப் படித்தேன். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் வண்டியின் உயரத்தைப் பார்க்க ஒரு சென்சார் இருக்கிறது. அதை சக்கரத்தின் பக்கத்தோடு இணைப்பது விரல் நீளக் கம்பி ஒன்று. அதற்கு லிங்க் என்று பெயர். அதை எடுத்துவிட்டு, திருகி நீளத்தை மாற்றக்கூடிய லிங்க்கைப் போட்டால் வண்டி தான் உயரமாக நிற்பதாக நினைத்துக்கொண்டு, தானாகவே காற்றை விட்டுத் தாழும். ஓட்டும்போது திரையில் ஏற்றிக்கொள்ளலாம், நம் ஊர் வேகத்தடைகளில் வயிறு இடிக்காது. நாலு லிங்க்குக்கு ஆர்டர் போட்டேன். புதன்கிழமை வந்து சேர்ந்தன.

ராயப்பேட்டை மெக்கானிக் பாய் இருபது வருடமாக எங்கள் வண்டிகளைப் பார்ப்பவர். லிங்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இத்துனூண்டு கம்பிக்கா சாரு வூட்ல குந்திகினு கீறாரு? எப்ப வரட்டும், சொல்லுங்க" என்றார். வெள்ளிக்கிழமை நல்ல நாள், வாங்கோ என்றேன்.

ஒன்பதரைக்கு வந்தார். வண்டி தானாக ஏறி இறங்காமல் இருக்கத் திரையில் ஜாக் மோடு போட்டார். ஜாக்கியில் தூக்கி, நாலு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, சக்கரங்களைக் கழற்றினார். மணி பத்தே கால். பத்தரைக்கு ராகு காலம். எனக்குப் பதற்றம் வந்துவிட்டது.

"பாய், ஒண்ணையாவது மாட்டிடுங்கோ. ஆரம்பிச்சாச்சுன்னா போறும். மீதியைப் பன்னெண்டுக்கு மேல பாத்துக்கலாம்."

மாட்டினார். முன்பக்கம் வலது. அதோடு வேலையை நிறுத்தச் சொல்லி, காபி கொடுத்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவரும் என் பேச்சைத் தட்டாமல் ஒன்றரை மணி நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு அடித்தது. எழுந்து கையைக் கழுவினார்.

"எங்க பாய் கிளம்பிட்டேள்?"

"ஜும்மாவுக்கும்மா. இன்னிக்கு வெள்ளிக்கெழமல்ல?"

"இதைக் காலம்பறயே சொல்லப்படாதா!"

"நீங்கதானம்மா வெள்ளிக்கெழம நல்ல நாளுன்னீங்க. ஜும்மா இன்னா வியாழக்கெழமயா வரும்? ரெண்டு மணிக்கு வந்துர்றேன். ஒண்ணியும் தொடாதீங்க. வண்டி தூங்கிகினு கீது."

அவர் சொன்னதில் என்ன தப்பு? பஞ்சாங்கத்தில் நேரத்தைப் பார்த்த நான் கிழமையை யோசிக்கவில்லை. காலையில் வேலை செய்ய இருந்த மனுஷனை உட்கார வைத்தவளும் நான்தான். முதல் மாடி பால்கனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் மேலேயிருந்து குரல் கொடுத்தார்.

"பாய் போயிட்டாரா? விட்டுடுடி. நாளைக்கு வரவன் எடுத்துண்டு போகட்டும்."

அந்த 'விட்டுடு' என்னை உசுப்பிவிட்டது. பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்தேன்.

சக்கரம் கழன்றிருந்ததால் வண்டிக்கு அடியில் போக வேண்டியதில்லை. கையை நீட்டினால் லிங்க் எட்டியது. பழையதன் இரண்டு நட்டைக் கழற்றி, புதியதை பாய் போட்ட அளவுக்குத் திருகி, மாட்டி, இறுக்கினேன். முன்பக்கம் இடது முடிய அரை மணி நேரம் ஆயிற்று. விரல் சிராய்த்துக்கொண்டேன், நட்டு இரண்டு தடவை உருண்டு ஓடிற்று, வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. பின்பக்கம் வேறு மாதிரி. முன்னால் நீட்ட வேண்டிய லிங்க்கை அங்கே குறுக்க வேண்டும். வலது பக்கத்தை, லிங்க்கோடு வந்த காகிதத்தைப் பார்த்துச் செய்தேன். இடது பக்கம் வந்தபோது தலைக்கனம் ஏறிவிட்டது. காகிதம் எதற்கு என்று போட்டுவிட்டேன்.

பாய் திரும்பி வந்து, கருப்பு மையாக இருந்த என் கைகளைப் பார்த்தார். "தொடாதீங்கன்னேனேம்மா" என்றார். ஒவ்வொரு நட்டாக இறுக்கிப் பார்த்தார். சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, திரையில் ஜாக் மோடை எடுத்தார். புஸ்ஸென்று காற்று போயிற்று. மூன்று மூலையும் அழகாகத் தாழ்ந்தன. நாலாவது, பின்பக்கம் இடது, மேலே கிளம்பிற்று.

"ஏண்டி, நாய் காலத் தூக்கிண்டு நிக்கற மாதிரின்னா நிக்கறது!"

பால்கனியில் என் கணவர் சிரித்தார். வயிறு குலுங்க, இருமி இருமிச் சிரித்தார். ஏழு மாதமாக அந்தச் சத்தத்தையே நான் கேட்டதில்லை. வேறு சமயமாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அன்று சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீட்டியதைக் குறுக்க பாய்க்குப் பத்து நிமிஷம் போதுமாக இருந்தது. "மூணுல ரெண்டு கரீட்டும்மா. எங்க கடைல சேந்த ஆளுங்க மொத நாள்ல ஒண்ணு கூடப் போட மாட்டானுங்க" என்றார். இரண்டு பக்கமும் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்தோம். வண்டி தாழ்ந்தால் சக்கரத்தின் சாய்வு மாறும் என்பதால் ராயப்பேட்டைக்கு எடுத்துப்போய் அலைன்மென்ட் பார்த்து, நாலரைக்குக் கொண்டுவந்து விட்டார். சீட்டை அளந்தேன். இருபத்துநாலரை. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

என் கணவர் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கி வந்தார். வாட்ச்மேன் ஓடி வந்தார். "யாரும் கிட்ட வரப்படாது" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

என் கணவர் காருக்கு முதுகைக் காட்டி நின்றார். தடியைக் கதவில் சாய்த்தார். வலது கையால் பின்னால் தடவி சீட்டைத் தேடினார். உட்கார்ந்தார். வலது காலை உள்ளே வைத்தார். இடது காலை முழங்காலுக்குக் கீழே பிடித்துத் தூக்கினார். கார்க் கதவின் கீழ் விளிம்பில் குதிகால் மாட்டிக்கொண்டது. என் கை தானாக நீண்டது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இரண்டாம் தடவை தூக்கினார், கால் உள்ளே போயிற்று. தடியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கதவைத் தானே சாத்தினார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். கண்ணாடி இறங்கியது.

"என்ன பாத்துண்டு நிக்கற? ஏறு, நாழியாறது."

"ஏன்னா, எங்க போகணும்?"

"ரோட்டுக்குப் போ மொதல்ல."

திரையில் வண்டியை ஏற்றிவிட்டு மெதுவாக கேட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே நிறுத்தச் சொன்னார். எப்போதும் தலையசைப்போடு போய்விடுபவர், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலம்பற வண்டி வாங்கறேன்னு ஒருத்தன் வருவான். விக்கறதுக்கில்லைன்னு அனுப்பிடு. என் ஆம்படையா தன் கையால இறக்கின வண்டின்னு சொல்லு."

முப்பத்தைந்து வருடத்தில் வெளியாளிடம் என்னைப் பற்றி அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இண்டிகேட்டர் போட்டு, வண்டியைத் தெருவில் இறக்கினேன்.