தாராபுரம் போக வேண்டிய கார்

இந்த ஊரில் கோபத்துக்கும் மரியாதை உண்டு. வந்த புதிதில் ஒருநாள் சூலூர் பஸ்ஸின் படியில் தொங்கிய ஒருவரைப் பார்த்து, "ஏனுங்க, அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? கீழ எறங்குங்க" என்று நடத்துநர் கத்தினார். திட்டுகிறாரா உபசரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்தில் கோபம் வந்தால் முதலில் போவது மரியாதைதான். 'நீங்கள்' என்பது 'நீ' ஆகிவிடும். எதிரே நிற்பவருக்கு நிலைமை உடனே விளங்கிவிடும். கோயமுத்தூர்ப் பக்கம் அப்படி ஒரு அறிகுறியும் கிடையாது. சொந்த ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் கடல் கடந்து வந்து வாடகை வீட்டில் இருப்பவனுக்கு, வீட்டுக்காரர் கோபமாக இருக்கிறாரா இல்லையா என்பது தெரிந்தே ஆகவேண்டும்.

வீட்டுக்காரர் சுப்பிரமணியம் சூலூரில் விசைத்தறிக்கூடம் வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இலங்கைக்காரர் என்றதும் எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். இவர் மட்டும் மாடியைத் திறந்து காட்டி, "புடிச்சிருக்குதுங்களா?" என்று என் மனைவி வசந்தியிடம் கேட்டார். போலீஸ் நிலையத்துக்கும் கூடவே வந்து, இவர்கள் என் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தின் மேல்தான் நாங்கள் குடியிருந்தோம். பதிலுக்கு அவருக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

அவருடைய சின்னக் கார் பள்ளங்களில் இறங்கும்போது முன்னால் கடகடவென்று சத்தம் போட்டது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றேன். புதியதை வாங்கி வைத்திருந்தார். ஆனால் பட்டறையில் நாலு நாள் ஆகும் என்றார்களாம். நானே மாற்றித் தருகிறேன் என்று முன்வந்தேன். ஊரில் நான் தபால் கந்தோரில், அதாவது தபால் ஆபீஸில், வேலை பார்த்தவன்தான். என்றாலும் என் பழைய காரின் ஒவ்வொரு ஆணியையும் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். போரினால் பெட்ரோல் வராத காலத்தில் நாலு சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அப்படி ஓட்டியவனுக்கு இது ஒரு வேலையா என்ற எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை காரை ஜாக்கியில் ஏற்றினேன். "மதியத்துக்கு ஆயிருமுங்களா? தாராபுரம் வரைக்கும் போகோணுங்க" என்றார் சுப்பிரமணியம்.

"பயப்படாதேங்கோ அண்ணை, கெதியாச் செய்து தாறன்" என்றேன்.

அவருடைய மனைவி சரஸ்வதி அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். "கதியா? என்னுங்க கதியாச்சு?" சீக்கிரம் என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம் என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. அன்று அந்த வீட்டில் யாருமே சிரிக்கவில்லை என்பது பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் ஊர்ப் பழைய கார்களில் முன்சக்கரம் திரும்புவதற்கு மட்டும்தான். வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். இந்தக் காரை இழுப்பதே முன்சக்கரம். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு ஒரு ஆக்சில் போகிறது. அதன் உள்முனையில் இருக்கும் மூன்று உருளைகள் ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் செருகியிருக்கின்றன. மேலே ரப்பர் உறை. இதெல்லாம் இன்று தெரியும். அன்று ஷாக் அப்சார்பரைக் கழற்றியதும் சக்கரம் மாட்டும் பாகம் வெளிப்பக்கம் சாய்ந்தது. வசதியாக இருக்கட்டும் என்று நானும் இழுத்தேன். ரப்பர் உறைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் பூட்டினேன்.

சுப்பிரமணியம் வெள்ளை வேட்டியோடு வந்து ஏறி, கியரைப் போட்டார். கரகரவென்று பல்லைக் கடிப்பது போல் ஒரு சத்தம். கார் அசையவில்லை. மறுபடி முயன்றார். மூன்றாம் தடவை எஞ்சினை நிறுத்தினார். பிறகு இறங்கினார்.

"பரவாயில்லீங்க. உட்டுப்போடுங்க" என்றார். பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.

அவருடைய 'உட்டுப்போடு' எங்கள் ஊரில் 'விட்டுப்போடு'. ஆகவே சொல் விளங்கியது. எதை விடச் சொன்னார் என்பதுதான் விளங்கவில்லை. காரையா, வீட்டையா? வசந்தி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "திரும்பவும் வீடு தேடுறதெண்டால் என்னாலை ஏலாது" என்றாள். ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளில் ஒரு பையோடு படகுக்குக் காத்து நின்றபோதுகூட அவள் அப்படிச் சொல்லவில்லை.

மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினேன். ரப்பர் உறையின் கிளிப்பை வெட்டிப் பின்னால் தள்ளினால், ஆக்சில் கிண்ணத்தை விட்டு வெளியே கிடந்தது. ஒரு உருளை கழன்று, அதற்குள் இருந்த ஊசி போன்ற கம்பிகள் கிரீஸில் சிதறியிருந்தன. வசந்தி ஒரு தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவினாள். ஒன்று குறைந்தது. தரையெல்லாம் தடவினோம். கடைசியில் ரப்பர் மடிப்புக்குள் விரலை விட்டு அவள்தான் எடுத்தாள். புது கிரீஸைப் பசை போலத் தடவி, கம்பிகளை ஒட்டவைத்து, உருளையை மாட்டி, மூன்றையும் கிண்ணத்துக்குள் தள்ளினேன். கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி. நாலு மணிக்குக் கார் வாசலைவிட்டு நகர்ந்தது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆறு மணிக்கு சுப்பிரமணியம் திரும்பினார். தோளில் தூங்கும் குழந்தை. பின்னால் ஒரு பெட்டியோடு அவருடைய மகள் கவிதா. தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த பெண். அவளுடைய இடது கன்னம் வீங்கியிருந்தது. சரஸ்வதி அக்கா அவளை உள்ளே இழுத்து அணைத்துக்கொண்டார்.

"பஸ்ஸுல நம்மூர்க்காரங்க நாலு பேரு இருந்தாங்க. அத்தன பேரும் எம் மூஞ்சியவே பாத்தாங்கம்மா" என்று அவள் சொல்வது எனக்குக் கேட்டது.

கார் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் மகளை வீட்டுக்குக் கொண்டுவர நினைத்திருந்தார் அந்த மனிதர். நான் அவளைப் பஸ்ஸில் வரவைத்துவிட்டேன்.

அவர் முன்னால் போய் நின்றேன். "அண்ணை, பிழை என்னிலதான். நாங்கள் வேறை வீடு பாக்கிறம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க, இன்னிக்கு ஒருத்தி ஊட்ட உட்டு வந்தது பத்தாதுங்களா?" பிறகு, "வண்டி ஓடுதுங்களா?" என்றார்.

"ஓடுது."

"அப்ப வார ஞாயித்துக்கெழம நீங்களே ஓட்டுங்க. அம்மணியோட சாமானெல்லாம் அங்க கெடக்குது. அந்த ஊட்டுக்குப் போகோணும்னா என்னால வண்டி ஓட்ட ஆகாதுங்க."

அடுத்த ஞாயிறு சுப்பிரமணியமும் கவிதாவும் நானும் போனோம். குழந்தையை விட்டுப் பிரிய மனமில்லாமல் கவிதா அதையும் கூட்டிவந்தாள். அந்த வீட்டில் யாரும் வெளியே வரவில்லை. அவளுடைய தையல் மெஷினும் துணி மூட்டைகளும் வாசலில் வைக்கப்பட்டிருந்தன. மழை பெய்து நனைந்திருந்தன. ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஒவ்வொரு வளைவிலும் முன்சக்கரத்துக்கே காது கொடுத்தபடி ஓட்டினேன்.

பல்லடத்துக்கு முன்னால் போலீஸ் மறித்தது. என்னிடம் இருந்தது இலங்கை லைசென்ஸ். எங்களைப் போன்றவர்கள் ஊர் தாண்டிப் போனால் போலீஸ் நிலையத்தில் சொல்லவேண்டும், அதையும் சொல்லவில்லை. ஒரு காவலர் ஜன்னலில் குனிந்து, பின்சீட்டுச் சாமான்களைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"டிரைவர் எந்த ஊரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து சுப்பிரமணியம் சொன்னார்: "நம்ம ஊட்டு ஆளுங்க. சூலூருங்க."

காவலர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

இங்கே தோட்டத்தில் கூலிக்கு நிற்பவரையும் ஆள் என்பார்கள். சொந்தபந்தத்தையும் நம்ம ஆளு என்பார்கள். எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

பின்னால் குழந்தை விழித்துக்கொண்டு தாத்தாவிடம், "அப்பச்சி, இந்த மாமா ஏன் பேசமாட்டேங்கறாரு?" என்று கேட்டது. சாலையில் வெயில் கொட்டிக்கிடந்தது. ஒரு சொல் பேசினாலும் சூலூர்க்காரன் இல்லாமல் போய்விடுவேன் என்று தோன்றியது. வீட்டு வாசல் வரும்வரை வாயை மூடிக்கொண்டே ஓட்டினேன்.